மருந்துக் கஞ்சாவும் ‘படலை’ வாதமும்: கலந்துபோன இரண்டு கேள்விகள்

இலங்கையின் வடக்கில் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு ஒரு செய்தி பழகிப்போனது. வல்வெட்டித்துறைக் கடலிலோ மாதகல் கரையிலோ படகொன்று மடக்கப்படும். பழுப்பு நிற ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுற்றிய பொதிகளை மணலில் அடுக்கிவைத்துப் படம் எடுப்பார்கள். ‘கேரள கஞ்சா மீட்பு, சந்தேகநபர்கள் விளக்கமறியலில்’ என்று தலைப்பு வரும். 2025 இல் அதே பத்திரிகைகளில் இன்னொரு செய்தியும் வந்தது. மீரிகமவில் 64 ஏக்கரில் மருத்துவக் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரசு அனுமதி கொடுத்திருந்தது. விளைச்சல் முழுவதும் ஏற்றுமதிக்கு மட்டும்.

ஒரே செடி. ஓரிடத்தில் சிறை, இன்னோரிடத்தில் முதலீடு. வாசிப்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்குமா? ‘இது மருந்து, இதைத் தடுப்பது அநியாயம்’ என்கிறார்கள் சிலர். ‘இன்றைக்குக் கஞ்சா, நாளைக்கு ஹெரோயின், இதற்கு வழிவிட்டால் பிள்ளைகள் போய்விடும்’ என்கிறார்கள் மற்றவர்கள். ஆங்கிலத்தில் கேட்வே என்று சொல்லப்படும் இந்த இரண்டாவது வாதம் தமிழில் நுழைவாயில் கோட்பாடு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்னால் படலை. கஞ்சா என்ற படலையைத் திறந்தால் வளவுக்குள் இருக்கும் எல்லாப் போதையும் கைக்கு வந்துவிடும் என்பதே அதன் சாரம்.

இந்த இரண்டு வாதங்களும் ஒன்றுக்கொன்று பதில் போலத் தெரிகின்றன. உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். முதலாவது, இந்த நோய்க்கு இந்த மருந்து வேலை செய்யுமா என்ற கேள்வி. இரண்டாவது, ஒரு பொடியன் எதனால் கொடிய போதைக்குள் போகிறான் என்ற கேள்வி. இரண்டையும் பிரித்தால்தான் எதையாவது உருப்படியாகப் பேச முடியும்.

செடிக்குள் என்ன இருக்கிறது?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட கன்னபினோயிட் சேர்மங்கள் உண்டு. இந்த விவாதத்துக்கு இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. ரி.எச்.சி. போதை தருவது இது. பசியைத் தூண்டுவதும், குமட்டலைத் தணிப்பதும், சிலருக்குப் பயத்தையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவருவதும் இதுவே. 1964 இல் இஸ்ரேலில் ரஃபாயேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் இதைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டார்கள்.

2. சி.பி.டி. இது போதை தராது. சிலவகை வலிப்பு நோய்களில் இதன் பயன் சோதனைகளில் உறுதியாகியிருக்கிறது.

ரி.எச்.சி மூளையில் போய் ஒட்டிக்கொள்வதற்கு அங்கே ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு செடியின் சாறுக்கு நம் மூளை எதற்காக இடம் வைத்திருக்கிறது? 1992 இல் விடை கிடைத்தது. உடம்பு தானாகவே அதைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. கண்டுபிடித்தவர்கள் அதற்கு அனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். ஆனந்தம் என்ற சொல்தான் மூலம். வலி, பசி, நினைவு, தூக்கம், மனநிலை எல்லாவற்றிலும், அந்தப் பொருளும் ஏற்பிகளும் சேர்ந்த இந்த அமைப்புக்குப் பங்கு இருக்கிறது. கஞ்சா பல நோய்க்குறிகளில் வேலை செய்வதற்கும், பல இடங்களில் கெடுதல் செய்வதற்கும் காரணம் இதுதான். பதின்ம வயதில் இந்த அமைப்பு மூளையின் இணைப்புகளைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து ரி.எச்.சியைக் கொட்டுவது முப்பது வயதில் கொட்டுவதைப் போன்றதல்ல. வயது என்ற விஷயம் பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

செடியின் வீரியமும் பழையபடி இல்லை. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் 1995 அளவில் சராசரியாக 4 வீதம் இருந்த ரி.எச்.சி, 2014 இல் 12 வீதத்தை எட்டியது. ‘எங்கள் காலத்திலும் அடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்ற பேச்சு பொருந்தாமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

‘மருத்துவக் கஞ்சா’ என்றால் எது?

இந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறுபட்ட பொருட்களை அடைத்துவிடுகிறார்கள்.

முதலாவது, தரப்படுத்திய மருந்து. எபிடியோலெக்ஸ் நல்ல உதாரணம். ஒரு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் சி.பி.டி கரைந்த எண்ணெய், ஸ்ட்ரோபெரி வாசனையோடு, குழந்தைக்கு அளந்து கொடுக்க ஊசியில்லாத சிரிஞ்சோடு வருகிறது. லெனொக்ஸ்-கஸ்ரோ, ட்ரவே என்ற இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்கு 2018 இல் அமெரிக்கா இதை அங்கீகரித்தது. ஒரு நாளில் பல தடவை விழுந்து எழும்பும் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு வலிப்பின் எண்ணிக்கை குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. சட்டிவெக்ஸ் என்பது ரி.எச்.சியும் சி.பி.டியும் சேர்ந்த வாய்த்தெளிப்பு. பன்மடங்கு இறுக்கம் என்ற நரம்பு நோயில் வரும் தசை விறைப்புக்குக் கொடுக்கிறார்கள். ட்ரொனபினோல் ஆய்வுகூடத்தில் செய்த ரி.எச்.சி. புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையின் குமட்டலுக்காக 1985 இலேயே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

இரண்டாவது, வைத்தியரின் சீட்டோடு விற்கப்படும் உலர்ந்த பூவும் எண்ணெயும். 1996 இல் கலிபோர்னியா வாக்கெடுப்பு மூலம் இந்த வழியைத் திறந்தது. இதில் அளவும் தரமும் இடத்துக்கு இடம் மாறும்.

மூன்றாவது, நமது வைத்திய மரபுகள். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் கஞ்சா சேரும் லேகியங்களும் சூரணங்களும் உண்டு. ஆனால் அங்கே கஞ்சா தனியாகப் புகைக்கும் பொருளாக இல்லை. சுத்தி செய்து, அதாவது நச்சுத்தன்மையை நீக்கி, வேறு பல சரக்குகளோடு சிறிய அளவில் சேர்ப்பது. ‘சித்தர்களே அடித்தார்கள்’ என்று சொல்லிப் புகைப்பவர், சித்த வைத்தியத்தின் முதற்பாடமான சுத்தியையே தவறவிட்டவர். கைதடியில் சித்த மருத்துவம் படித்து வெளியேறும் ஒருவரிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்.

சரி, எந்த நோய்க்குச் சான்று இருக்கிறது? அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017 இல் ஆயிரக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தன. வயதுவந்தோரின் நாட்பட்ட வலி, கீமோவினால் வரும் குமட்டலும் வாந்தியும், பன்மடங்கு இறுக்கத்தில் நோயாளி உணரும் தசை விறைப்பு ஆகிய மூன்றுக்கும் உறுதியான சான்று உண்டு என்று சொன்னார்கள். சி.பி.டியின் வலிப்புச் சோதனைகள் அதற்கு அடுத்தடுத்து வந்து நாலாவதாகச் சேர்ந்தன. வலி விஷயத்தில் கிடைத்த நிவாரணம் பெரியதல்ல, மிதமானது. புற்றுநோயையே கஞ்சா குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு மனிதர்களில் செய்த சோதனைகளில் ஆதாரம் இல்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்குப் போய்வரும் ஒருவர் இந்தக் கதையை நம்பிச் சிகிச்சையை இடையில் நிறுத்தினால் அது உயிரோடு விளையாடுவது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் கஞ்சா 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. வளர்ப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். அதே நேரம் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், வைத்தியத் தேவைக்காகக் கஞ்சாவைக் கட்டுப்பாட்டுடன் பெறுவதற்கு இடம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் ஆயுர்வேதம் என்ற சொல் சித்தத்தையும் யுனானியையும் உள்ளடக்கியது. ஆக, மருத்துவக் கஞ்சா இந்த நாட்டுக்குப் புதிதாக இறங்கப்போகும் சாமான் இல்லை. ஒடுக்கமான ஒரு வாசல் அறுபது வருடமாக இருந்துவருகிறது.

சர்வதேசச் சட்டமும் இப்படித்தான். 1961 இன் ஐக்கிய நாடுகள் ஒற்றை உடன்படிக்கை கஞ்சாவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினாலும் மருத்துவ, விஞ்ஞானப் பயன்பாட்டை விலக்கவில்லை. 2020 டிசம்பரில் வியன்னாவில் நடந்த வாக்கெடுப்பில் 27 நாடுகள் ஆதரவாகவும் 25 எதிராகவும் வாக்களிக்க, மிகக் கடுமையான நாலாம் அட்டவணையிலிருந்து கஞ்சா எடுக்கப்பட்டது. முதலாம் அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது. ‘ஐ.நா. கஞ்சாவை அனுமதித்துவிட்டது’ என்று அன்று பரவிய செய்தி பாதி உண்மைகூட இல்லை.

படலை வாதம் எங்கிருந்து வந்தது?

1975 இல் டெனிஸ் கண்டெல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நியூயோர்க் மாநில உயர்பாடசாலை மாணவர்களைத் தொடர்ந்து அவதானித்து ஒரு கட்டுரை எழுதினார். இளையோர் போதையைத் தொடங்குவதில் ஒரு வரிசை இருப்பதை அவர் கண்டார். முதலில் பியரும் வைனும், பிறகு சிகரெட்டும் கடும் மதுவும், அதற்குப் பிறகு கஞ்சா, கடைசியாக மற்றப் போதைப்பொருட்கள். இந்த வரிசையில் கஞ்சா மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் இரண்டு படிகளிலும் இருப்பவை மதுவும் சிகரெட்டும். 1980 களில் அமெரிக்க அரசியலில் இந்த ஆய்வு புழங்கத் தொடங்கியபோது கஞ்சாவே முதற்படி என்பதுபோலப் பேச்சு மாறியது. கண்டெல் ஒரு வரிசையைச் சொன்னார். அதைக் காரணமாக மாற்றிப் பேசியவர்கள் மற்றவர்கள்.

வரிசை வேறு, காரணம் வேறு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. இது புகையிலை விளைந்த மண். எத்தனையோ தலைமுறை ஆண்கள் விடிய எழும்பி ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனார்கள். பொழுதுபட்டால் தவறணையில் பனங்கள். கண்டெலின் வரிசையில் முதல் இரண்டு படிகளிலும் அவர்கள் ஏறி நின்றார்கள். அப்புறம் மேலே ஏறவில்லை. ஏன்? மூன்றாம் நாலாம் படிகள் அன்றைக்கு ஊரில் இலேசில் கைக்கு எட்டவில்லை. கொண்டுவந்து விற்க ஆளும் பெரிதாக இருக்கவில்லை. சுருட்டுக்குக் கெடுதல் இல்லை என்பதல்ல இதன் பொருள். வாய்ப் புற்றுநோயாக அந்தக் கெடுதல் வேறு வழியில் வந்தது.

ஒரு சிறு கணக்கு

படலை வாதத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே தரவைக் காட்டி எதிரெதிராகப் பேசுவது ஏன் என்று விளங்க, ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.

ஓர் ஊரில் 1,000 இளைஞர்கள். அவர்களில் 100 பேர் கஞ்சா புகைத்தவர்கள், 900 பேர் தொடாதவர்கள். புகைத்த 100 பேரில் 8 பேர் ஹெரோயினுக்குப் போகிறார்கள். தொடாத 900 பேரில் 2 பேர் போகிறார்கள்.

1. ஹெரோயின் பாவிக்கும் 10 பேரைக் கூப்பிட்டுக் கேட்டால் 8 பேர், அதாவது 80 வீதமானோர், கஞ்சாவில் தொடங்கினோம் என்பார்கள். புனர்வாழ்வு நிலையத்தில் வேலை செய்பவரும் பொலிசாரும் பார்ப்பது இந்தப் பக்கத்தை.

2. கஞ்சா புகைத்த 100 பேரைக் கேட்டால் 92 பேர் ஹெரோயினைத் தொடவில்லை என்பார்கள். கஞ்சாவை ஆதரிப்பவர் காட்டுவது இந்தப் பக்கத்தை.

3. இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டால் ஒன்றில் 8 வீதம், மற்றதில் 0.2 வீதத்துக்குச் சற்றுமேல். முப்பது மடங்கைத் தாண்டிய வேறுபாடு. ஆய்வாளர் பார்ப்பது இதை.

மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. மூன்றாவது வேறுபாடு எதனால் வருகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. கணக்கு அதைச் சொல்லாது.

வேறுபாட்டுக்கு மூன்று விளக்கங்கள்

அ. கஞ்சாவே மூளையை மாற்றுகிறது. விலங்குச் சோதனைகளில் இதற்குச் சான்று உண்டு. பதின்ம வயதுக்கு ஒப்பான பருவத்தில் ரி.எச்.சி கொடுக்கப்பட்ட எலிகள், வளர்ந்தபின் ஹெரோயினைக் கூடுதலாகத் தாமே எடுத்துக்கொண்டதை 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் மூளையைத் தயார்ப்படுத்தும் வேலையைக் கஞ்சா மட்டும் செய்வதில்லை. 2011 இல் அதே டெனிஸ் கண்டெலும் நோபல் பரிசு பெற்ற அவரது கணவர் எரிக் கண்டெலும் சேர்ந்து செய்த சோதனையில், நிக்கொட்டின் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளின் மூளை கொக்கெயினுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது. மூளையை வைத்துப் படலையைத் தேடினால் கஞ்சாவோடு புகையிலையும் அகப்படுகிறது.

ஆ. இரண்டுக்கும் பின்னால் வேறொரு காரணம் இருக்கிறது. பரம்பரை, சிறுவயதுக் காயம், தகப்பன் இல்லாத வீடு, பாடசாலையை விட்ட நிலை, மனச்சோர்வு ஆகியவை ஒருவனைக் கஞ்சாவுக்கும் தள்ளும், ஹெரோயினுக்கும் தள்ளும். 2002 இல் அமெரிக்காவின் ரான்ட் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு கணினி மாதிரியை அமைத்தார்கள். அதில் கஞ்சாவுக்கு எந்தத் தூண்டும் சக்தியும் கொடுக்கவில்லை. ஆட்களின் நாட்டமும் எந்தப் பொருள் எந்த வயதில் கைக்குக் கிடைக்கிறது என்பதும் மட்டுமே உள்ளே போடப்பட்டன. அப்படியிருந்தும் நிஜவாழ்வில் தெரியும் அதே வரிசை வெளிவந்தது. படலை இல்லாமலே படலை போன்ற தோற்றம் வரமுடியும் என்பதற்கு இது நிரூபணம். படலை இல்லவே இல்லை என்பதற்கு அல்ல.

இந்த விளக்கத்தை உரசிப் பார்க்க நல்ல வழி இரட்டையர்கள். ஒரே வீடு, ஒரே பெற்றோர். 2003 இல் அவுஸ்திரேலியாவில் 311 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒருவர் 17 வயதுக்கு முன் கஞ்சா புகைத்தவர், மற்றவர் அந்த வயதுக்குள் தொடாதவர். முந்திப் புகைத்தவருக்குப் பின்னாளில் வேறு போதையும் அடிமைத்தனமும் வரும் சாத்தியம் 2.1 முதல் 5.2 மடங்கு கூட இருந்தது. ஆக, வளர்ப்பும் பரம்பரையும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. மிச்சம் ஒன்று இருக்கிறது, அது இளவயதைச் சுற்றி இருக்கிறது. கஞ்சாவால் தீங்கே இல்லை என்பவர்கள் இந்த ஆய்வைத் தாண்டிப் போவதை நான் நேர்மையாகக் கருதவில்லை.

இ. கஞ்சா வாங்கப் போகும் இடம். அந்த இரட்டையர் ஆய்வைச் செய்தவர்களே, மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்கு மருந்தியலைவிடச் சூழல் காரணமாக இருக்கலாம் என்றார்கள். முந்திப் புகைப்பவன் முந்தி வியாபாரியிடம் போகிறான். அவனிடம் மற்றச் சாமானும் இருக்கிறது. நெதர்லாந்து 1976 இல் சட்டத்தைத் திருத்தியதற்கு ஒரு காரணம் இதுதான். கஞ்சா விற்கும் இடத்தையும் ஹெரோயின் விற்கும் இடத்தையும் பிரித்துவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது குறையும் என்று கணக்குப் போட்டார்கள். 2010 இல் வெளிவந்த 17 நாடுகளின் ஒப்பீடும் இதற்குத் துணை நிற்கிறது. கஞ்சா அரிதான ஜப்பானில் மற்றப் போதைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் கஞ்சாவைத் தொடாமலே நேராக அங்கே போயிருந்தார்கள். படலை எது என்பதை ஊரில் எது மலிவாகக் கிடைக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

இந்த மூன்றில் எது சரி? மூன்றிலும் உண்மை உண்டு என்பதே என் வாசிப்பு. ஆனால் எடை ஒன்றல்ல. இளவயதும் வியாபாரியும் சேருமிடத்தில் ஆபத்து கனக்கிறது. இலை தனியாகச் செய்வது அதைவிடக் குறைவு.

மருந்துக்கு இது பொருந்துமா?

தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ முற்றிய புற்றுநோயின் வலிக்கு மோர்பின் கொடுக்கிறார்கள். ஹெரோயின் செய்யப்படுவதே மோர்பினிலிருந்துதான். 1898 இல் ஜெர்மனியில் ஹெரோயின் இருமல் மருந்தாகவே சந்தைக்கு வந்தது. ‘மோர்பின் கொடுத்தால் ஊர் ஹெரோயினுக்குப் போய்விடும், ஆகவே வலியோடு கிடக்கட்டும்’ என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். யாருக்கு, எவ்வளவு, யார் கையால், எந்தப் பதிவேட்டில் என்று கேட்பார்கள். கஞ்சா மருந்துக்கும் கேட்க வேண்டியது இதுதான். ஐந்து வயதுப் பிள்ளையின் வாயில் தாய் அளந்து விடும் சி.பி.டி எண்ணெய்க்குப் படலை வாதத்தில் இடமே இல்லை. 1999 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் அறிக்கையும் கஞ்சாவின் மருந்துச் செயலே மற்றப் போதைக்குக் காரணமாகிறது என்பதற்குத் தீர்க்கமான சான்று இல்லை என்றது.

மருத்துவச் சட்டம் வந்தால் பிள்ளைகள் கூடுதலாகப் புகைப்பார்களா? அமெரிக்காவில் 1991 முதல் 2014 வரை பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பதில்களை ஆராய்ந்த கட்டுரை 2015 இல் வந்தது. சட்டம் இயற்றிய மாநிலங்களில் மாணவர் பாவனை முன்பே கூடுதலாக இருந்தது. சட்டம் வந்தபின் அது ஏறவில்லை.

மறுபக்கத்தின் பிழையையும் சொல்ல வேண்டும். 2014 இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு, மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் 1999 முதல் 2010 வரை அபின்வகை மருந்துகளால் இறப்போர் வீதம் 24.8 வீதம் குறைவு என்றது. ‘கஞ்சா படலை அல்ல, வெளியேறும் வழி’ என்று ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். 2019 இல் வேறு ஆய்வாளர்கள் அதே முறையை 2017 வரை நீட்டிப் பார்த்தார்கள். முடிவு தலைகீழானது: 22.7 வீதம் கூடுதல். கஞ்சா காப்பாற்றவும் இல்லை, கொல்லவும் இல்லை. மாநில மட்டத்துச் சராசரியை வைத்துத் தனிமனிதனின் கதையைச் சொல்ல முடியாது என்பதுதான் தெரிந்தது.

உண்மையான ஆபத்து கசிவு. தாய்லாந்து 2018 இல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. 2022 ஜூனில் விற்பனைக்கான விதிகள் தயாராகும் முன்பே செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. சில மாதங்களில் தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பவும் கயிற்றை இறுக்கினார்கள். மருத்துவம் என்ற பெயரில் சந்தையைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது கண்முன் உள்ள பாடம்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பிரகபலின் என்பது நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் நல்ல மருந்து. அது இன்று யாழ்ப்பாணத்தில் ‘போதை மாத்திரை’ என்ற பெயரில் பிடிபடுகிறது. மருந்தில் குற்றமில்லை. சீட்டு இல்லாமல் கொடுக்கும் பாமசியிலும் கடல்வழியாக வரும் பெட்டியிலும் குற்றம் இருக்கிறது. மீரிகமத் தோட்டத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் கேட்க வேண்டியது வேலியையும் பதிவேட்டையும் பற்றி. அறுவடையை நிறுப்பது யார்? கழிக்கும் இலையை எரிப்பது யார் முன்னிலையில்?

யாழ்ப்பாணத்தில் படலை எது?

இங்கே ஒரு பொடியன் போதைக்குள் போகும் பாதையைப் பார்த்தால் மருத்துவக் கஞ்சா அதில் எந்த இடத்திலும் இல்லை. பெரும்பாலும் முதலில் வருவது மாவா. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளப் பொலித்தீனில் முடிந்து, பாடசாலைக்கும் ரியூட்டரிக்கும் பக்கத்து ஒழுங்கையில் கைமாறுவது. சிலவற்றில் கஞ்சாவும் சேர்கிறது. பாக்குத்தானே என்று வாயில் போடும் பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மாவா விற்றவனுக்குக் கஞ்சா விற்பவனைத் தெரியும். கஞ்சா விற்பவனுக்கு ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமினும் ஹெரோயினும் விற்பவனைத் தெரியும், அல்லது மூன்றும் ஒரே ஆள். எடை குறைந்த சாமானில் இலாபம் கூட. படகில் ஒரு சாக்குக் கஞ்சாவை ஒளிப்பதைவிடக் காற்சட்டைப் பைக்குள் ஐஸ் பக்கெற்றை ஒளிப்பது சுலபம். ஆகவே தன்னிடம் வரும் பொடியனை அடுத்த சாமானுக்கு நகர்த்துவதில் வியாபாரிக்கு ஆதாயம் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு தடவை காசில்லாமலே கொடுப்பான்.

கஞ்சாவின் சொந்தக் கெடுதலையும் இங்கே குறைத்துச் சொல்லக் கூடாது. பாவித்தவர்களில் சுமார் 9 வீதமானோர் அதற்கு அடிமையாகிறார்கள். பதின்ம வயதில் தொடங்கினால் ஏறத்தாழ ஆறில் ஒருவர். சுவீடனில் 1969-70 இல் படையில் சேர்க்கப்பட்ட 45,000 க்கு மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வீதம் கஞ்சாவைத் தொடாதவர்களோடு ஒப்பிட்டால் ஆறு மடங்காக இருந்தது. வேறு காரணங்களைக் கழித்தபோது வேறுபாடு சுருங்கியது, மறையவில்லை. ஹெரோயினுக்குப் போகாவிட்டாலும், உயர்தரம் படிக்கிற பிள்ளை அறைக்குள் முடங்கி, யாரோ கதைப்பது கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினால் அந்தக் குடும்பத்துக்கு அது போதுமான நாசம்.

படலையை நம்புவதன் விளைவு

கோட்பாடு பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டால் கொள்கையும் பிழைக்கும். எல்லாக் கெடுதியும் இலைக்குள் இருக்கிறது என்று நம்பினால், இலை வைத்திருந்த எவரையும் பிடித்து உள்ளே போடுவது தீர்வாகத் தெரியும். 17 வயதில் தொடங்கியவனும் படகு நிறையப் பொதி கொண்டுவந்தவனும் ஒரே தலைப்புக்குள் வந்துவிடுவார்கள். வியாபாரியிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதுதான் நோக்கம் என்று எடுத்துக்கொண்டால் செலவழிக்க வேண்டிய இடங்கள் மாறும். ரியூட்டரி ஒழுங்கையில் மாவா விற்கும் கடை, சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கும் பாமசி, பாடசாலையை விட்டவனின் வீட்டுக்குப் போய்வரும் ஓர் உத்தியோகத்தர், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் பெயர் வெளியே போகாது என்ற உறுதி. தாய் ஒருத்தி மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போக நினைத்தால் முதலில் பயப்படுவது பொலிசுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான்.

இலங்கைச் சிறைகளில் இருப்போரில் பெரும்பகுதியினர் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள். சிறைகள் கொள்ளளவைத் தாண்டி நிரம்பியிருக்கின்றன. ஒரு சிறு சரை கஞ்சாவோடு பிடிபட்ட பொடியன் பதினாலு நாள் விளக்கமறியலுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரவு படுக்கப் பாய் விரிக்கும் இடத்தில் அவனுக்கு ஒரு பக்கம் ஹெரோயின் விற்றவர், மறுபக்கம் ஐஸ் விற்றவர். ஊரில் இருந்தபோது அவர்களை அவனுக்குத் தெரியாது. பதினாலாம் நாள் வெளியே வரும்போது இருவருடைய தொலைபேசி இலக்கமும் அவனுக்கு மனப்பாடம்.